மயாமியின் மேட்டுக்குடிகள்

தமிழில் மேட்டுக்குடி என்றால் வசதியானவர்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நிலப்படம் இருக்கிறது. மேட்டில் வீடு உள்ளவன் மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்குவான். பள்ளத்தில் இருப்பவன் பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றுவான். அமெரிக்காவின் மயாமி நகரம் இந்தப் படத்தைக் கிட்டத்தட்ட நூறு வருஷம் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தது. பணம் இருந்தவர்கள் கடலைப் பார்த்த தாழ்நிலத்துக்குப் போனார்கள். மேடு கறுப்பினத்தவருக்கு விடப்பட்டது. இப்போது படத்தை நேராக்கும் வேலை நடக்கிறது. அதில் லிட்டில் ஹைத்தி என்ற பேட்டையின் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

மேடு என்றதும் குன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். மயாமியில் 10 அடி உயரமே பெரிய விஷயம். கடலோரத் தீவான மயாமி பீச்சின் பல தெருக்கள் கடல்மட்டத்திலிருந்து மூன்று, நான்கு அடிதான் மேலே இருக்கின்றன. இலையுதிர்காலத்துப் பௌர்ணமிகளை ஒட்டிக் கடல் ஏறும்போது, மழையே இல்லாமல் சாக்கடை வழியாகத் தெருவுக்குத் தண்ணீர் வரும். சுவர் எழுப்பித் தடுக்கவும் முடியாது. அடியில் இருப்பது ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் கீழிருந்தே ஊறி வந்துவிடும். அந்தப் பாறையே கடற்கரைக்கு இணையாக ஒரு முதுகுபோல எழும்பி ஓடுகிறது. அதன் கிழக்கே பிஸ்கேன் விரிகுடா, மேற்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். லிட்டில் ஹைத்தி இந்த முதுகின் மேல், சுமார் 7 முதல் 14 அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஏழைகள் ஏன் மேட்டுக்கு வந்தார்கள்? காரணம் ரயில். 1896இல் ஹென்றி ஃப்ளாக்லர் தன் ரயில் பாதையை மயாமிக்குக் கொண்டுவந்தபோது, காய்ந்த தரையாகப் பார்த்து இந்த மேட்டின் மேல்தான் தண்டவாளம் போட்டார். பாதை போடவும் காடு வெட்டவும் வந்த கறுப்பினத் தொழிலாளிகள், அவர்களில் பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம், தண்டவாளத்தை ஒட்டிக் குடியேறினார்கள். அதே வருஷம் மயாமியை நகரமாக அறிவிக்க நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான். ஆட்கணக்குக் காட்டத்தான் அவர்கள் தேவைப்பட்டார்கள். காரியம் முடிந்ததும் எங்கே வசிக்கலாம், எங்கே கூடாது என்று கோடு கிழிக்கப்பட்டது. மயாமி பீச்சில் அறை துடைக்கப் போகலாம், இரவு தங்கக் கூடாது. வேலை பார்ப்பவர் என்று காட்ட அட்டை வைத்திருக்க வேண்டும். புகையும் இரைச்சலும் உள்ள ரயில் பாதைப் பக்கம் யாரும் கேட்காத நிலம் என்பதால், மேடு அவர்களுடையது ஆனது.

லிட்டில் ஹைத்தி இருக்கும் இடத்துக்கு அப்போது லெமன் சிட்டி என்று பெயர். அங்கேயும் பஹாமாஸ்காரர்கள் இருந்தார்கள். 2009இல் ஒரு கட்டுமானத்துக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. தேடிப் பார்த்தால், ஊரே மறந்துபோன பழைய கல்லறைத் தோட்டம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். இந்த மண்ணில் ஒருவர் இருந்த தடம் அழிந்துபோவது புதிய கதை இல்லை.

1960களில் அரசு நெடுஞ்சாலை போட்டது. கறுப்பினத்தவரின் முக்கியப் பகுதியான ஓவர்டவுனை இரண்டாகப் பிளந்துகொண்டு சாலை போனது. வீடிழந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். அவர்கள் வர வர, வடக்கே இருந்த வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் கிளம்பின. லெமன் சிட்டிப் பக்கம் பழைய மர வீடுகள் மலிவாகக் கிடைத்தன. ஹைத்தியர்கள் வந்து இறங்கியது அப்படிக் காலியான தெருக்களில்தான்.

1957இல் கரீபிய நாடான ஹைத்தியில் பிரான்சுவா துவாலியே ஆட்சிக்கு வந்தார். அவருக்குப் பின் மகன். 1986 வரை அந்தக் குடும்பத்தின் சர்வாதிகாரம். முதலில் தப்பித்தவர்கள் படித்தவர்களும் வசதியானவர்களும்; அவர்கள் நியூயார்க், மான்ட்ரியல் என்று விமானத்தில் போனார்கள். ஏழைகளுக்கு மரப்படகு. 1972இல் ஃப்ளோரிடாக் கரையில் ஒரு படகு ஒதுங்கியதிலிருந்து வரிசை தொடங்கியது. அதே கடலில் கியூபாவிலிருந்து வந்தவர்களுக்குக் கம்யூனிசத்திலிருந்து தப்பியவர்கள் என்று கதவு திறந்தது. ஹைத்தியர்களை வறுமைக்காக வந்தவர்கள் என்று சொல்லி அடைத்து வைத்தார்கள். 1980இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி இதைப் பிரித்து எழுதினார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹைத்தியர்களின் அடைக்கல மனுக்களைக் குடிவரவு அலுவலகம் மொத்தமாகத் தள்ளிவிட்டது. தனித்தனியாகப் பார்க்கவே இல்லை என்றார். அடுத்த ஆண்டு ரீகன் அரசு, படகுகளை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பும் வழிக்கு மாறியது. 1981 அக்டோபரில் ஹில்ஸ்பரோ பீச் அருகே படகு உடைந்து 33 பேரின் உடல்கள் கரை ஒதுங்கின.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பேட்டை உருவானது. வித்தேர் ழூஸ்த் என்ற வியாபாரி இதை, ஹைத்தியின் தலைநகர் பெயரில், லிட்டில் போர்ட்டோபிரின்ஸ் என்று அழைக்கலாம் என எழுதி அனுப்ப, பத்திரிகைக்காரர்கள் நீளமாக இருக்கிறதென்று லிட்டில் ஹைத்தி ஆக்கினார்கள் என்பார்கள். ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியின் கட்டடத்தில் நோத்ர் தாம் தாய்த்தி தேவாலயம் வந்தது. அங்கே ஹைத்தியர்களின் பேச்சுமொழியான க்ரெயோலைக் கற்றுக்கொண்டு பூசை வைத்த தாமஸ் வென்ஸ்கி பிற்பாடு மயாமியின் பேராயர் ஆனார். க்ரெயோல் மொழிக்காக ஹைத்தியில் சிறையிருந்த ழான் மாப்பூ ஒரு புத்தகக் கடை போட்டார். மாப்பூ என்பது ஹைத்தியில் ஆவிகள் குடியிருப்பதாக நம்பப்படும் பெரிய மரம். நம் ஊரில் தலையணைக்குப் பஞ்சு எடுக்கும் இலவ மரமேதான்.

இனி நாம் ஒரு வீட்டுக்குள் போகலாம். இந்தக் குடும்பம் நான் கோத்தது. கோத்த மணிகள் எல்லாம் அந்தப் பேட்டையில் சாதாரணமாகக் காணக் கிடைப்பவை. பாட்டி 1980இல் படகில் வந்தார். அந்த வருஷம் கியூபாவிலிருந்து ஒன்றேகால் லட்சம் பேர் வந்து குவிந்ததால், வெறும் கியூபர்களுக்கு மட்டும் சலுகை என்று சொல்ல அரசுக்குக் கூச்சமாக இருந்தது. இரு நாட்டவருக்கும் சேர்த்து ஒரு தற்காலிகத் தகுதி கொடுத்தார்கள். 1986இன் குடிவரவுச் சட்டம் அதை நிரந்தரமாக்கிக்கொள்ள வழிவிட்டது. பாட்டி மயாமி பீச் ஹோட்டல் ஒன்றில் துணி வெளுத்தார். 1980களின் கடைசியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை வாங்கினார்.

முன்பணம் எங்கிருந்து வந்தது? வங்கி அவரைத் திரும்பிப் பார்த்திருக்காது. ஹைத்தியர்கள் சோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 200 டாலர் போடுவார்கள். சேரும் 2,000 டாலர் முறைப்படி ஒருவருக்குப் போகும். நடத்துகிற பெண்மணிக்கு மன்மன் சோல், அதாவது சோல் அம்மா, என்று பெயர். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், சீட்டுதான். ஏலத் தள்ளுபடி இல்லாத குலுக்கல் சீட்டு மாதிரி. எழுத்து இல்லை, ரசீது இல்லை. ஏமாற்றினால் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முகம் காட்ட முடியாது என்பதுதான் உத்தரவாதம். இந்த உத்தரவாதத்துக்கு எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பேட்டை சிதறும்போது போகிற பொருள்களின் பட்டியலில் இதை யாரும் எழுதுவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் மாமரமும் வெண்ணெய்ப்பழ மரமும். ஹைத்தியில் உறவினர்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடிசை போட்டு வாழும் முறைக்கு லக்கூ என்று பெயர். நெல்லைப் பக்கம் வளவு என்போமே, அதுபோல. பாட்டி மயாமியில் லக்கூவைச் செங்கல்லில் கட்டினார். மகள் பிறந்ததும் ஒரு அறை நீண்டது. 2010 ஜனவரி 12இல் ஹைத்தியைப் பூகம்பம் புரட்டியது. அடுத்த சில மாதங்களில் தம்பி மகன் வந்து சேர்ந்தார், பின்கட்டில் ஒரு குளியலறை முளைத்தது. மாநகராட்சி அனுமதியா? அதை அப்புறம் பார்ப்போம்.

வெளியாட்கள் இந்தக் கதையை எழுதும்போது, காபிக் கடை வந்தது, வாடகை ஏறியது, ஏழைகள் போனார்கள் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். நடப்பு அப்படி இல்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களுக்கே விதி வேறு வேறு. யார் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பாட்டியின் கையில் பத்திரம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் தனிநபர் வருமான வரி கிடையாது. உள்ளூர் நிர்வாகம் பெரும்பாலும் வீட்டு வரியில் ஓடுகிறது. சந்தை விலை ஏறினால் வரியும் ஏறி, பழைய ஆட்கள் வரி கட்ட முடியாமல் விற்றுவிட்டுப் போகும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க 1992இல் வாக்காளர்கள் மாநில அரசமைப்பில் ஒரு திருத்தத்தை ஏற்றார்கள். உரிமையாளர் தானே நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு, வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. விலைவாசி அதைவிடக் குறைவாக ஏறினால் அந்தக் குறைந்த அளவுதான். இது 1995இலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பாட்டி வீட்டின் சந்தை விலை இன்று 5 லட்சம் டாலர். ஆனால் 3 சதவீத உச்சவரம்பால் அதன் வரி மதிப்பு 1 லட்சத்தில் நிற்கிறது. மயாமியில் வரி ஏறத்தாழ 2 சதவீதம். குடியிருப்போருக்கான சலுகை போக, அவர் கட்டுவது ஆயிரம் டாலரைச் சற்றுத் தாண்டும். பக்கத்து வீட்டைப் போன வருஷம் வாங்கி வாடகைக்கு விட்ட முதலீட்டுக் கம்பெனி சுமார் 10,000 டாலர் கட்டும். அந்தப் பணத்தைக் குடியிருப்பவரின் தலையில்தான் வைக்கும். ஒரே தெரு, ஒரே மாதிரி வீடு.

ஆக, பாட்டியை வரி துரத்தாது. வேறு சில துரத்தும். ரொக்கத்துக்கு வீடு வாங்குகிறோம் என்ற அட்டைகள் மின்கம்பத்தில் தொங்கும், தபாலில் வரும், தொலைபேசியில் வரும். புயல் ஆபத்தால் ஃப்ளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டுத் தொகை அண்மை ஆண்டுகளில் எகிறிவிட்டது. கடன் அடைந்துவிட்டதால் பாட்டி காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் எடுக்காமலேயே விட்டுவிடுவார். ஒரு புயலில் கூரை போனால் பத்திரம் மட்டும் கையில் மிஞ்சும். அப்புறம் அந்தப் பின்கட்டுக் குளியலறை. முப்பது வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத தெருவில், புதிதாக வந்தவர்கள் புகார் எண்ணைச் சுழற்றத் தெரிந்தவர்கள். அனுமதி இல்லாத கட்டடம் என்று நோட்டீஸ் வந்தால் தினசரி அபராதம் ஏறும். கட்டாவிட்டால் அது வீட்டின் மேல் பாரமாக எழுதப்படும்.

இரண்டாவது காகிதம் வாடகை. தெருவின் மறுகோடியில் பாட்டியின் உறவுக்காரி ஒருத்தி அடுக்கக வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் ஹைத்தியில் அவளைப் போன்றவர்கள்தான் அதிகம். சொந்த வீட்டுக்காரர்கள் சிறுபான்மை. எழுத்து ஒப்பந்தம் முடிந்து மாதா மாதம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களை, காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லலாம். வாடகைக்கு உச்சவரம்பு வைக்க உள்ளாட்சிகளுக்கு இருந்த மிகக் குறுகிய வாய்ப்பையும் 2023இல் மாநிலச் சட்டம் அடைத்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் மயாமி-டேட் மாவட்டம், 5 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றினால் 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று விதி போட்டிருந்தது. வாடகை உறவு முழுக்க மாநிலத்தின் அதிகாரம் என்று அறிவித்த இன்னொரு 2023 சட்டத்தில் அதுவும் அடிபட்டது. மாதாந்திர வாடகைதாரருக்கு 15 நாளாக இருந்த அறிவிப்பை 30 ஆக்கியது மட்டும் அந்தச் சட்டத்தின் கருணை.

வாடகை பாக்கி என்றால் மூன்று நாள் நோட்டீஸ். வழக்கு வந்துவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். அதோடு பாக்கி வாடகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். வாதாடப் பணம் கட்டு என்பது சட்டம். கட்டவில்லை என்றால் கூரை ஒழுகியது, எலி ஓடியது என்று எத்தனை நியாயம் இருந்தாலும் அதை யாரும் கேட்கப் போவதில்லை. நோட்டீஸ் ஆங்கிலத்தில் வரும். பள்ளி விட்டு வந்த பிள்ளை அதை அம்மாவுக்கு க்ரெயோலில் வாசித்துச் சொல்வதற்குள் ஒரு நாள் போயிருக்கும்.

மூன்றாவது காகிதம் பின்கட்டில் இருக்கும் தம்பி மகனுடையது. பூகம்பத்துக்குப் பின் அமெரிக்கா ஹைத்தியர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தது, எல்லோரும் டி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள். வேலை பார்க்கலாம், வரி கட்டலாம், நாடு கடத்த மாட்டார்கள். ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை அரசு நீட்டினால்தான் உண்டு. முதல் டிரம்ப் அரசு 2017இல் முடித்துவிடுவதாகச் சொன்னது, வழக்குகள் தடுத்தன. 2021இல் பைடன் அரசு புதிதாக வழங்கியது. 2025இல் இரண்டாவது டிரம்ப் அரசு மறுபடி முடிக்கக் கிளம்பியது, மறுபடி வழக்குகள். ஒருவர் பதினைந்து வருஷம் இப்படித் தற்காலிகமாகவே இருந்துவிட முடியும். அந்தப் பதினைந்து வருஷத்தில் அவருக்கு நீண்டகால வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் துணிந்து கையெழுத்துப் போடுவாரா? பேட்டை மலிவாக இருந்த காலத்தில் பாட்டி வாங்கினார். பாட்டிக்கு 1986 சட்டத்தால் கிடைத்த நிரந்தரத் தகுதி தம்பி மகனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தலைமுறைக்கு நடுவில் உள்ள வித்தியாசம் உழைப்பில் இல்லை.

சரி, இவ்வளவு காலம் சும்மா கிடந்த இடத்துக்கு ஏன் திடீர் மவுசு? தெற்கே பார்த்தால் புரியும். மேசை நாற்காலிக் கடைகளாக இருந்த டிசைன் டிஸ்ட்ரிக்ட், ஹெர்மெஸ், லூயி வித்தோன் போன்ற ஆடம்பரக் கடைகளின் தெருவாக மாறியது. அதற்கும் தெற்கே கிடங்குகள் நிறைந்த வின்வுட், 2009இல் சுவரோவியங்கள் வந்த பிறகு சுற்றுலாத் தலமானது. அங்கே வாடகை ஏறியதும் ஓவியக் கூடங்கள் வடக்கே நகர்ந்தன. வடக்கே என்றால் லிட்டில் ஹைத்தி. நிலத்தின் இன்றைய வாடகைக்கும், இடித்துக் கட்டினால் வரக்கூடிய வாடகைக்கும் இடைவெளி பெரிதாகிவிட்டால் முதலீடு வந்தே தீரும். முதலில் ஓவியர், பிறகு காபி, பிறகு கிரேன். 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனைப் பார்த்து இதற்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர் வைத்தார். சிலர் தமிழில் மேட்டுக்குடியாக்கம் என்கிறார்கள். மற்ற ஊர்களில் அது உவமை. மயாமியில் அளவுகோல் வைத்து அளக்கலாம்.

2018இல் ஹார்வர்டில் இருந்த ஜெஸ்ஸி கீனன் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். மயாமி-டேட் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின் விலையையும் உயரத்தையும் ஒப்பிட்டார்கள். மேட்டு வீடுகளின் விலை தாழ்நில வீடுகளைவிட வேகமாக ஏறியிருந்தது. காலநிலை ஜென்ட்ரிஃபிகேஷன் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. லிட்டில் ஹைத்தி அதன் விளம்பரப் படமானது. கடல் ஏறுகிறது, பணக்காரன் மேட்டுக்கு ஓடி வருகிறான், ஏழையைத் தள்ளுகிறான். கேட்கக் கச்சிதமான கதை.

எனக்கு அதில் பாதி சம்மதம்தான். மயாமி பீச்சில் இன்னும் கோடிக்கணக்கில் கொட்டி அடுக்ககங்கள் எழும்புகின்றன. கடலுக்குப் பயந்து யாரும் மூட்டை கட்டியதாகத் தெரியவில்லை. லிட்டில் ஹைத்தியில் நிலம் வாங்கியவர்களை முதலில் இழுத்தது மலிவு விலையும் பக்கத்திலிருந்த டிசைன் டிஸ்ட்ரிக்ட்டும்தான். உயரம் மெதுவாக வேலை செய்கிறது: காப்பீடு, முப்பது வருஷக் கடன் என்று நீண்ட கணக்குப் போடுகிறவர்களின் எண்ணத்தில் அது ஒரு ஓரத்தில் இருக்கிறது. மேற்கே எவர்கிளேட்ஸைக் காக்க வரைந்த எல்லைக் கோட்டைத் தாண்டி நகரம் எளிதில் வளர முடியாது, கிழக்கே கடல். நடுவில் இருக்கும் மேடுதான் மிச்சம். கடலின் மேல் மட்டும் பழியைப் போட்டால், நகரசபையில் கை தூக்கியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

கை தூக்கியது 2019 ஜூனில். மயாமியின் கட்டட விதிகளில் அப்போது ஒரு வாசல் இருந்தது. தொடர்ச்சியாக 9 ஏக்கர் சேர்த்துவிட்டால், அந்த இடத்துக்கென்று தனி விதி கேட்டு வாங்கலாம். கால் ஏக்கர் வைத்திருக்கும் பாட்டிக்குப் பின்கட்டுக் குளியலறைக்கே நோட்டீஸ் வரும். 18 ஏக்கர் சேர்த்தவர்களுக்கு விதியே வளையும். மாஜிக் சிட்டி இன்னோவேஷன் டிஸ்ட்ரிக்ட் என்ற திட்டத்துக்கு அப்படித்தான் அனுமதி கிடைத்தது. 25 மாடி வரை கோபுரங்கள், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வீடுகள், அலுவலகங்கள், கடைகள். முதலீட்டாளர்களில் ஒருவர், சர்க் தூ சொலே சர்க்கஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கீ லாலிபெர்த்தேயின் கம்பெனி. பதிலுக்கு, லிட்டில் ஹைத்தி மறுவாழ்வு அறக்கட்டளைக்குக் காலப்போக்கில் 31 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள்.

மர்லீன் பாஸ்தியென் 1991இல் தொடங்கிய ஃபான்ம் என்ற ஹைத்தியப் பெண்கள் அமைப்பு இதை எதிர்த்து மாதக்கணக்கில் போராடியது. பணம் அறக்கட்டளைக்குப் போகும், வாடகைதாரரின் வீட்டுக்கு என்ன உறுதி என்பது அவர்கள் கேள்வி. பேட்டையில் எல்லோரும் அவர்கள் பக்கம் இருக்கவில்லை. வேலை வரும், வாடிக்கையாளர் வருவார், பணமாவது வரட்டும் என்ற ஹைத்தியர்களும் இருந்தார்கள். அவர்களைத் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. முப்பது வருஷமாக வங்கியும் மாநகராட்சியும் எட்டிப் பார்க்காத தெருவில் முதல்முறை யாரோ பணத்தோடு வந்து நிற்கிறார்கள். பாஸ்தியென் 2022இல் மாவட்ட ஆணையராகத் தேர்வானார்.

பெயருக்கும் சண்டை நடந்தது. நில விளம்பரங்களில் லிட்டில் ஹைத்தி என்ற பெயர் மெல்ல மறைந்து, லிட்டில் ரிவர், பியூனா விஸ்டா, லெமன் சிட்டி என்று வரத் தொடங்கியது. ஹைத்தியர்கள் ஒருபுறம், பழைய லெமன் சிட்டிப் பெயர் நிலைக்க வேண்டும் என்றவர்கள் மறுபுறம். 2016 மே மாதம் நகரசபை லிட்டில் ஹைத்தி என்று எல்லை குறித்து அதிகாரபூர்வப் பெயர் கொடுத்தது. அதாவது, ஆட்கள் குறையத் தொடங்கிய பிறகுதான் பெயர் பதிவானது. இப்போது விளம்பரக்காரர்களுக்கே அந்தப் பெயரில் ஒரு ருசி வந்துவிட்டது. போர்ட்டோபிரின்ஸின் இரும்புச் சந்தையைப் பார்த்துக் கட்டிய கரீபியச் சந்தை, ஹைத்தியின் விடுதலைத் தலைவர் தூசேன் லூவெர்த்தூர் சிலை, வண்ணச் சுவர்கள் எல்லாம் விற்பனைப் படங்களில் வருகின்றன. கிரியோ என்ற பன்றி வறுவலும் காரமான பிக்லிஸ் ஊறுகாயும் விற்ற பெண்மணி மட்டும் படத்துக்கு வெளியே நிற்கிறார்.

போனவர்கள் எங்கே போனார்கள்? எல்லோரும் துரத்தப்பட்டவர்கள் இல்லை, இதையும் சொல்ல வேண்டும். நல்ல வேலை கிடைத்த பிள்ளைகள், நல்ல பள்ளி தேடி, வடக்கே நார்த் மயாமிக்கும் மிராமருக்கும் தாங்களாகவே போனார்கள். நார்த் மயாமி 2001லேயே ஹைத்திய மேயரைத் தேர்ந்தெடுத்த ஊர். பாட்டியின் மகள் செவிலியர் உதவியாளர். அவளும் பத்து வருஷம் முன்பு அந்தப் பக்கம் போய்விட்டாள். வாடகைக்கு இருந்த உறவுக்காரி போனது மனமொப்பி இல்லை. அவள் போய்ச் சேர்ந்த நார்த் மயாமியின் ஆர்ச் க்ரீக் பகுதி, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்து காப்பீட்டுப் பணம் கேட்ட வீடுகளுக்குப் பேர்போனது. மேட்டை விட்டுப் பள்ளத்துக்கு.

இனி பாட்டி இறந்த பிறகு நடப்பது. உயில் எழுதாமல் போனால் வீடு பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. ஒருவர் நார்த் மயாமியில், ஒருவர் புரூக்ளினில், ஒருவர் இன்னும் போர்ட்டோபிரின்ஸில். எந்த ஒரு வாரிசும் தன் பங்கை வெளியாளுக்கு விற்கலாம். வாங்கியவர் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்பார். வீட்டை வெட்டிப் பிரிக்க முடியாது என்பதால் முழு வீடும் விற்பனைக்கு வரும். அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் நிலம் இழந்த பழைய வழி இது. ஃப்ளோரிடா 2020இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் மற்ற வாரிசுகளுக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும், விற்றால் நியாய விலைக்கு விற்க வேண்டும். நல்ல சட்டம்தான். வாங்கிக்கொள்ளப் பணம் வேண்டும் என்பதைத் தவிர.

பணம் இருந்தாலும் வரி இருக்கிறது. 3 சதவீத உச்சவரம்பு பாட்டிக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்தது இல்லை. அவர் மறைந்தால், துணைவரோ அங்கேயே குடியிருந்து அவரைச் சார்ந்து வாழ்ந்தவரோ உரிமை பெற்றால் ஒழிய, சலுகை போய்விடும். வரி மதிப்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சத்துக்கு ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவல் அவர் இறந்த அன்று நடக்காது. ஃப்ளோரிடாவில் எல்லா வீட்டுக்கும் மதிப்புப் போடும் தேதி ஒன்றே, ஜனவரி 1.

ஹைத்தியர்களுக்கு ஜனவரி 1 சுதந்திர நாள். 1804இல் அடிமைகள் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்து நாடு கண்ட அன்று, அதுவரை எஜமானர்கள் மட்டுமே குடித்த பூசணி சூப்பை எல்லோரும் குடித்தார்கள் என்பது அவர்கள் கதை. சூப் ஜூமூ என்பார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அன்று காலையில் மகள் நார்த் மயாமியிலிருந்து பெரிய பானையோடு வருவாள், தம்பி மகன் பின்கட்டிலிருந்து வருவார், பேரன் தூக்கக் கலக்கத்தோடு வருவான். பாட்டியின் அடுப்பில் பூசணியும் மாட்டிறைச்சியும் கொதித்துக்கொண்டிருக்கும்போது, மாவட்ட மதிப்பீட்டு ஏட்டில் அந்த வீட்டுக்கு எதிரே ஐந்து லட்சம் என்று எழுதப்பட்டிருக்கும்.